மூளையின் கடைமடை

காவிரிப் பாசனத்தின் கடைசி வாய்க்கால்கள் பாயும் ஊர் எங்கள் ஊர். திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, கடலுக்கு அணித்தாக உள்ள அந்தச் சிற்றூரில் பிறந்தவர்களுக்குக் கடைமடை என்ற சொல்லின் பொருளை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. மேட்டூர் அணை திறக்கப்பட்டது என்ற செய்தி நாளிதழில் வந்த பிறகு, எங்கள் வாய்க்காலில் நீர் வந்து சேர எத்தனை நாளாகும் என்று எண்ணிக்கொண்டிருப்பதே சிறுவயதில் எங்களுடைய ஆனி மாதத்து வேலை. ஆற்றில் நீர் சற்றுக் குறைந்தால் தலைமடை வயல்களுக்கு அது தெரிவதில்லை. எங்கள் வயலில் நாற்று வாடிவிடும். எந்தக் குறைவும் முதலில் எங்களிடம்தான் வந்து சேரும். எந்த நிறைவும் எங்களிடம் கடைசியில்தான் வரும்.

தில்லிக்கு வந்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. அந்தச் சொல்லை நான் ஏறத்தாழ மறந்தே போயிருந்தேன். ஒரு நரம்பியல் மருத்துவரின் அறையில், என் அண்ணனின் மூளைப் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றபோது அது எனக்குத் திரும்ப நினைவுக்கு வந்தது.

என் அண்ணன் என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். 1958-இல், தம் இருபதாம் வயதில், மத்திய அரசின் செயலகத்தில் எழுத்தராகத் தில்லிக்கு வந்தார். அடுத்த ஆண்டே தந்தையார் காலமாகிவிட்டார். அப்போது எனக்கு ஒன்பது வயது. அன்று முதல் மாதந்தோறும் ஐந்தாம் தேதிக்குள் மணியார்டர் வந்துவிடும். அந்தப் பணத்தில்தான் அம்மா குடும்பத்தை நடத்தினார். அக்காளின் திருமணம் நடந்தது. நான் பொறியியல் பட்டயம் பெற்றேன். 1972-இல் தொலைபேசித் துறையில் எனக்கு வேலை கிடைத்து, கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் தில்லிக்குப் புறப்பட்டேன். வழியில் எங்கோ தடம் பழுதாகி, வண்டி ஏழு மணி நேரம் தாமதமாகப் புதுதில்லி நிலையத்தை அடைந்தது. சனவரி மாதக் குளிரில், கம்பளிப் போர்வையுடன் அண்ணன் நடைமேடையில் நின்றுகொண்டிருந்தார். "எவ்வளவு நேரமாக நிற்கிறீர்கள் அண்ணா?" என்று கேட்டேன். "வண்டி வருகிறவரைக்கும்தான்" என்று சொல்லிவிட்டு என் டிரங்குப் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

பிறகு முப்பத்தெட்டு ஆண்டுகள் நான் கம்பிகளுடன் வாழ்ந்தேன். அந்நாளில் நிலத்தடியில் புதைத்த தொலைபேசிக் கேபிள்களுக்கு ஈய உறை இருக்கும். அதற்குள்ளே நூற்றுக்கணக்கான செப்புக் கம்பிகள், ஒவ்வொன்றும் தனித்தனியே காகிதம் சுற்றப்பட்டுக் கிடக்கும். ஈய உறையில் ஊசி முனையளவு துளை விழுந்தாலும் ஈரம் புகுந்து காகிதத்தை நனைத்துவிடும். நனைந்தவுடன் தொலைபேசி ஊமையாகிவிடுவதில்லை. முதலில் ஓர் இரைச்சல் கேட்கும். பிறகு ஒருவர் பேச்சில் இன்னொருவர் பேச்சு கலக்கும். பிறகு ஒரு மணி அடித்து ஓய்ந்து, மறுமுறை அடிக்காமலே இருக்கும். பேசுகிறவரும் நலமாக இருப்பார். கேட்கிறவரும் நலமாக இருப்பார். இடையில் உள்ள வழிதான் கெட்டிருக்கும். இதைக் கண்டறிவதுதான் என் தொழில். அப்படிப்பட்ட நான் என் சொந்த வீட்டில் அதைக் கண்டறியத் தவறினேன். இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அந்தத் தவறுதான்.

அண்ணனுக்கு 1984-இல், நாற்பத்தாறாம் வயதில், நீரிழிவு இருப்பது தெரிந்தது. இரத்த அழுத்தமும் கூடவே இருந்தது. இரண்டும் அவருக்கு எந்தத் துன்பமும் தரவில்லை. அதுவே துன்பமாகிவிட்டது. தலைவலி இல்லாதபோது அழுத்தத்துக்கு மாத்திரை எதற்கு என்பார். காபியில் சர்க்கரையைக் குறைத்துக்கொண்டதோடு நீரிழிவுக்குச் செய்ய வேண்டியதைச் செய்து முடித்ததாகக் கருதினார். அண்ணி மட்டும் அவ்வப்போது முறையிடுவார். நானும் அண்ணன் பக்கமே பேசியிருக்கிறேன். "மனிதர் நன்றாகத்தானே இருக்கிறார் அண்ணி" என்று சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. 1996-இல் ஓய்வு பெறும் நாள்வரை ஒரு கோப்பும் அவர் மேசையில் தங்கியதில்லை என்று உடன் பணியாற்றியவர்கள் சொல்வார்கள்.

எழுபதாம் வயதை ஒட்டி அவரிடம் ஒரு மந்தம் தோன்றியது. நடை குறுகியது. பாதங்கள் தரையில் ஒட்டிக்கொண்டவை போலச் சிறு சிறு அடியாக வைத்தார். நாளிதழை விரித்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தில் நெடுநேரம் இருப்பார். தாமாக எதையும் தொடங்கமாட்டார். கேட்டால் பதில் வருவதற்குள் கேட்டவர் வேறு பேச்சுக்குப் போய்விடுவார். மறதி என்று சொல்ல இயலாது. பழைய செய்திகளும் புதிய செய்திகளும் அவருக்குத் தெரிந்தே இருந்தன. ஆகவே நாங்கள் அதை நோயென்று நினைக்கவில்லை. ஓய்வு பெற்ற மனிதரின் சலிப்பு என்று சிலர் நினைத்தார்கள். நான் அதை அலட்சியம் என்று நினைத்தேன்.

2009-இல் என் மகளின் திருமணம் நடந்தது. குடும்பத்துக்கு மூத்தவர் என்ற முறையில் சம்பந்தி வீட்டாரை அண்ணன்தான் வரவேற்க வேண்டும். மாப்பிள்ளையின் தந்தையார் கைகூப்பி, "தங்களுக்கு எல்லாம் திருப்திதானே?" என்று கேட்டார். அண்ணன் அவரைப் பார்த்தபடியே இருந்தார். ஒரு சொல்லும் வரவில்லை. கூடத்தில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் முன்னே சென்று ஏதோ பேசிச் சமாளித்தேன். சற்று நேரம் கழித்து அண்ணனைத் தனியே அழைத்துச் சென்று, "இந்தத் திருமணத்தில் உங்களுக்கு விருப்பமில்லையென்றால் வராமலே இருந்திருக்கலாம்" என்று சொன்னேன். வாழ்நாளில் அவரிடம் நான் சொன்ன ஒரே கடுஞ்சொல் அதுதான். அவர் உதடுகள் அசைந்தன. நான் நிற்கவில்லை, பந்தி பரிமாறும் இடத்துக்குப் போய்விட்டேன்.

அதன் பிறகு ஓராண்டுக்கு மேல் எங்களிடையே பேச்சு குறைந்திருந்தது. 2011-இல் அவர் குளியலறையில் விழுந்தார். எலும்பு முறியவில்லை. ஆனால் விழுந்ததற்குக் காரணம் கண்டறிய வேண்டும் என்று நரம்பியல் மருத்துவரிடம் அனுப்பினார்கள். நான் உடன் சென்றேன். மருத்துவர் இளைஞர், இந்திக்காரர். அண்ணனிடம், "நீங்கள் எந்த அமைச்சகத்தில் பணியாற்றினீர்கள்?" என்று கேட்டார். அண்ணன் பேசவில்லை. வழக்கம்போல நான் வாய் திறந்தேன். மருத்துவர் கையை உயர்த்தி என்னைத் தடுத்தார். சுவரில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. ஏறத்தாழ ஒரு நிமிடம் கழித்து அண்ணன் சொன்னார்: அமைச்சகத்தின் பெயர், பிரிவின் பெயர், அறை எண் உட்பட. மருத்துவர் என் பக்கம் திரும்பி, "பதில் பத்திரமாக இருக்கிறது. வரும் வழிதான் பழுதாகியிருக்கிறது" என்றார். கம்பியோடு வாழ்ந்தவனுக்கு இதைவிடத் தெளிவாக எவரும் சொல்ல முடியாது.

பிறகு எம்.ஆர்.ஐ. படத்தை விளக்கில் மாட்டிக் காட்டினார். மூளையின் நடுவேயுள்ள நீர் அறைகளைச் சுற்றியும், அவற்றுக்கு வெளியே ஆழத்திலும், சுண்ணாம்பு தெறித்தாற்போல வெண் புள்ளிகள். சில இடங்களில் புள்ளிகள் இணைந்து திட்டாகவே ஆகியிருந்தன. இவை மூளையின் வெண்பொருளில் ஏற்பட்ட சிதைவு என்றார் மருத்துவர். அன்று அவர் சொன்னதையும், பிறகு நான் தேடிப் படித்தறிந்ததையும் இங்கே தொகுத்துச் சொல்ல விரும்புகிறேன்.

நம் மூளையை இரு கூறாகப் பார்க்கலாம். மேற்பரப்பில் மடிப்பு மடிப்பாக இருப்பது சாம்பற்பொருள். நரம்பணுக்கள் பெரும்பாலும் அங்கேதான் உள்ளன. எண்ணங்கள் அங்கே பிறக்கின்றன என்று எளிமையாகச் சொல்லலாம். அதன் அடியில், மூளையின் கன அளவில் ஏறத்தாழப் பாதியை நிரப்பிக்கொண்டிருப்பது வெண்பொருள். அது முழுவதும் வழிகள். ஒரு பகுதியை மற்றொரு பகுதியோடு இணைக்கும் நரம்பிழைகளின் கட்டுகள். அந்த இழைகளைச் சுற்றிக் கொழுப்பு மிகுந்த ஓர் உறை படலம் படலமாகச் சுற்றப்பட்டிருக்கிறது. அந்தக் கொழுப்பினால்தான் அப்பகுதி வெண்மையாகத் தோன்றுகிறது. ஜெர்மானிய அறிஞர் ருடால்ஃப் விர்கோ 1854-இல் அதற்கு மயலின் என்று பெயரிட்டார்.

தொலைபேசிக் கேபிளின் காகிதத்துக்கும் மயலினுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. காகிதம் தடையின்றிச் சுற்றப்படுவது. மயலினோ சிறு சிறு இடைவெளி விட்டுச் சுற்றப்பட்டிருக்கும். செய்தி அந்த இடைவெளிகளில் தாவித் தாவிச் செல்கிறது. நம் உடலின் நரம்புகளில், உறையற்ற மெல்லிய இழையில் வினாடிக்கு ஏறத்தாழ 1 மீட்டர் செல்லும் செய்தி, உறை பெற்ற பருத்த இழையில் வினாடிக்கு 100 மீட்டர் அளவுக்கு ஓடுகிறது. உறை நைந்தால் வேகம் குன்றும். மேலும் நைந்தால் செய்தி இடையிலேயே நின்றுவிடும்.

இந்த வழிகளின் நீளத்தை அளக்க முயன்றவர்களும் உண்டு. டென்மார்க் நாட்டு ஆய்வாளர்கள் 2003-இல் வெளியிட்ட கணக்கின்படி, இருபது வயது ஆணின் மூளையில் மயலின் உறை பெற்ற இழைகளின் மொத்த நீளம் ஏறத்தாழ 1,76,000 கிலோமீட்டர். பூமியை நான்கு முறை சுற்றி வந்து அதற்கு மேலும் மிஞ்சும். இந்திய இரயில்வேயின் வழித்தடங்களைப் போல இரண்டரை மடங்கு. இத்தனையும் ஒரு தேங்காயை ஒத்த மண்டைக்குள் அடங்கியிருக்கிறது. எண்பது வயதில் அந்நீளம் ஏறத்தாழ 97,000 கிலோமீட்டராகக் குறைந்துவிடுகிறது என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது. நோயில்லாத மூப்பும் வழிகளைக் குறைக்கத்தான் செய்கிறது. வெண்பொருள் நாற்பதுகளிலும் ஐம்பதை ஒட்டியும் நிறைவு பெற்று, அதன் பிறகே தேயத் தொடங்குகிறது. இதில் நாம் வருந்த ஒன்றுமில்லை. முடி நரைப்பதைப் போன்றது அது. ஆனால் இயல்பாகத் தேய்வது வேறு. நாமே விரைந்து தேய்ப்பது வேறு.

இங்கேதான் எனக்குக் கடைமடை நினைவுக்கு வந்தது. உடல் எடையில் ஐம்பதில் ஒரு பங்கே உள்ள மூளை, உடல் செலவிடும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கைக் கேட்கிறது. அதன் மேற்பரப்புக்கு இரத்தம் தாராளமாகக் கிடைக்கிறது. ஆழத்தில் உள்ள வெண்பொருளுக்கோ, மேற்பரப்பிலிருந்து துளைத்துக்கொண்டு இறங்கும் நீண்ட, மெல்லிய குழாய்களே துணை. அவற்றுக்கிடையே இணைப்புகளும் மிகக் குறைவு. ஒரு வாய்க்கால் தூர்ந்தால் பக்கத்து வாய்க்காலிலிருந்து நீர் திருப்பிக்கொள்ள வழியில்லை. எங்கள் ஊர் வயல்களின் நிலையும் இதுதான்.

ஆண்டுக்கணக்கில் உயர்ந்து நிற்கும் இரத்த அழுத்தம் இந்தச் சிறு குழாய்களின் சுவரைத் தடிக்கவும் விறைக்கவும் செய்கிறது. இரத்தத்தில் தேங்கும் சர்க்கரை அவற்றின் உட்புற மென்படலத்தைக் கெடுக்கிறது. இன்சுலின் சுரந்தும் உடல் அதற்குச் செவிசாய்க்காத நிலையும், வயிற்றில் திரளும் கொழுப்பும், ஓயாத ஒரு மெல்லிய அழற்சியை உடலெங்கும் பரப்புகின்றன. மயலினைச் சுற்றித் தரும் அணுக்களுக்கு ஒலிகோடென்ட்ரோசைட் என்று பெயர். ஓர் அணுவே நாற்பது ஐம்பது இடங்களில் உறை சுற்ற வல்லது. உழைப்பு மிகுதியாக இருப்பதால் பசியையும் அது பொறுக்காது. கடைமடையில் நீர் குறையும்போது முதலில் வாடும் பயிர் அதுதான். ஓர் அணு மடிந்தால் பல இழைகளின் உறை ஒருங்கே நைந்துவிடுகிறது.

ஜெர்மனியில் ஓட்டோ பின்ஸ்வாங்கர் என்ற மருத்துவர் 1894-லேயே இத்தகைய நோயை விவரித்திருக்கிறார். எனினும் உயிரோடிருப்பவரின் மூளையில் இதைக் காண்பதற்கு நவீனப் படக்கருவிகள் வர வேண்டியிருந்தது. 1987-இல் கனடாவைச் சேர்ந்த விளாடிமிர் ஹாச்சின்ஸ்கியும் அவருடைய தோழர்களும் இதற்கு ஒரு கிரேக்கப் பெயர் சூட்டினார்கள். வெண்மை நைந்து போதல் என்பது அதன் பொருள். நெடுநாள் உடுத்திய வேட்டி முழங்கால் மடியும் இடத்தில் நைவதை அறிந்தவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் தேவையில்லை.

இத்தகைய நைவுக்கு ஆளானவர்களின் இயல்புகளைப் படித்தபோது என் அண்ணனின் வரலாற்றையே படிப்பது போலிருந்தது. நினைவு பெரிதும் அழியாது. நினைவை எடுத்து வரும் வேகம் குன்றும். குறிப்பு ஒன்று கொடுத்தால் பதில் வந்துவிடும். நடை குறுகும். தானாக ஒன்றைத் தொடங்கும் ஊக்கம் மறையும். முகத்தில் ஆர்வம் தெரியாது. இவற்றையெல்லாம் வீட்டிலுள்ளவர்கள் சோம்பல் என்றும் அலட்சியம் என்றும் எண்ணுவார்கள். நானும் எண்ணினேன், எண்ணியதோடு நில்லாமல் சொல்லவும் செய்தேன்.

அண்ணன் அதன் பிறகு நான்கு ஆண்டுகள் இருந்தார். சர்க்கரையையும் அழுத்தத்தையும் அண்ணி கண்டிப்போடு கவனித்துக்கொண்டார். நைந்தது திரும்பவில்லை, ஆனால் சரிவின் வேகம் குறைந்ததாகவே எங்களுக்குத் தோன்றியது. நான் ஞாயிறுதோறும் போனேன். போகும்போதே ஒரு பழக்கத்தை வகுத்துக்கொண்டேன். ஒரு நேரத்தில் ஒரு கேள்விதான். கேட்டுவிட்டு நான் வாயைத் திறப்பதில்லை. முதலில் அது எனக்கு எத்தனை கடினமாக இருந்தது என்பதைச் சொல்ல நாணமாக இருக்கிறது. பிறகு பழகிவிட்டது. நான் பிறக்கும் முன்பு எங்கள் வீட்டில் நடந்தவை, தந்தையாரின் குரல் எப்படியிருக்கும், முதல் சம்பளத்தில் என்ன வாங்கினார் என்பவையெல்லாம் அந்த ஞாயிற்றுக்கிழமைகளில்தான் எனக்குத் தெரிந்தன.

2013-இல் ஒரு நாள், அந்தத் திருமண நாளில் நான் பேசியதற்காக அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் காத்திருந்தேன். அண்ணி காபி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார், காபி ஆறியது. பிறகு அவர் என் பக்கம் திரும்பி, "குழந்தை சௌக்கியமா?" என்று கேட்டார். என் மகளை அவர் எப்போதும் அப்படித்தான் அழைப்பார். அவ்வளவுதான். சம்பந்தியின் கேள்விக்கு அன்று அவர் மனத்தில் எழுந்து, வழியிலேயே நின்றுவிட்ட பதில் என்னவாக இருந்திருக்கும் என்பது எனக்கு அப்போது விளங்கிற்று. என் பொருட்டு நடைமேடையில் ஏழு மணி நேரம் நின்றவர் அவர். அவருடைய ஒரு பதிலுக்காக என்னால் ஒரு நிமிடம் நிற்க முடியாமல் போயிற்றே என்ற எண்ணம் இன்றும் என்னை விட்டு அகலவில்லை. 2015-இல் அண்ணன் காலமானார்.

இப்போது எனக்கு எழுபத்தைந்து வயது ஆகப்போகிறது. எனக்கும் நீரிழிவு உண்டு. 2023-இல் தலைச்சுற்றலுக்காக எடுத்த படத்தில் எனக்கும் அதே வெண் புள்ளிகள் இருப்பது தெரிந்தது. அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு அன்றிரவு உறங்கவில்லை. ஆயினும் அறிவு இங்கே ஆறுதலும் தருகிறது. நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் அறுபதுக்கும் தொண்ணூறுக்கும் இடைப்பட்ட வயதினர் ஆயிரம் பேருக்கு மேல் படமெடுத்துப் பார்த்து 2001-இல் வெளியிட்ட ஆய்வில், புள்ளியே இல்லாதவர்கள் நூற்றுக்கு ஐவர்தாம். ஆகவே புள்ளி இருப்பதே நோயன்று. எவ்வளவு, எங்கே, எத்தனை விரைவாகப் பரவுகிறது என்பவையே பார்க்க வேண்டியவை. என்னுடையவை நடுத்தர அளவில் இருப்பதாக மருத்துவர் சொன்னார்.

பரவும் வேகத்தைக் குறைக்க இயலும் என்பதற்கும் சான்று உண்டு. அமெரிக்காவில் ஸ்பிரிண்ட் என்ற பெயரால் நடந்த ஆய்வின் மூளைப் பகுதி முடிவு 2019-இல் வெளிவந்தது. ஐம்பது வயதுக்கு மேற்பட்ட இரத்த அழுத்தக்காரர்களுள் ஒரு சாராருக்கு மேல் அழுத்தத்தை 120-க்குக் கீழும், மற்றொரு சாராருக்கு 140-க்குக் கீழும் வைக்க முயன்றார்கள். ஏறத்தாழ நான்கு ஆண்டுகளில் வெண் புள்ளிகளின் கன அளவு இரண்டாம் சாராருக்கு 1.45 கன சென்டிமீட்டரும், முதல் சாராருக்கு 0.92 கன சென்டிமீட்டரும் கூடியிருந்தது. இரு சாராருக்கும் கூடவே செய்தது. ஆனால் ஒருவருக்கு மெல்லக் கூடிற்று. அந்த ஆய்வில் நீரிழிவுக்காரர்களைச் சேர்க்கவில்லை என்பதையும், முதியவர் ஒவ்வொருவருக்கும் எந்த அளவு பொருந்தும் என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும் என்பதையும் நான் மறைக்கவில்லை.

என்னைப் பற்றிய கவலையைவிட என் மகனைப் பற்றிய கவலையே எனக்குப் பெரிது. அவனுக்கு வயது நாற்பத்து நான்கு. குருகிராமில் ஒரு கணினி நிறுவனத்தில் இரவு பகல் பாராத வேலை. இரவு பதினொரு மணிக்கு உணவு. பெரும்பாலும் வெளியிலிருந்து வருவது. சென்ற ஆண்டு எடுத்த சோதனையில் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது. "இது இன்னும் நீரிழிவு ஆகவில்லை அப்பா" என்று சொல்லிச் சிரிக்கிறான். அந்தச் சிரிப்பில் நான் என் அண்ணனைப் பார்க்கிறேன். அவன் தனியாகவும் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நடந்து 2023-இல் வெளியான ஆய்வு, நம் நாட்டில் நீரிழிவு உள்ளவர்கள் 10.1 கோடி என்றும், அதன் வாயிலில் நிற்பவர்கள் 13.6 கோடி என்றும் மதிப்பிடுகிறது. நீரிழிவு என்றால் கண்ணையும் சிறுநீரகத்தையும் காலையும் நினைக்கிறோம். நம்முள் ஓடும் அந்த வழிகளை நினைப்பவர் சிலரே.

கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2016-இல் கண்ட ஒன்றை அவனுக்கு எடுத்துச் சொன்னேன். இருபது முதல் எண்பத்தேழு வயது வரையுள்ள 473 பேரின் மூளையை அவர்கள் ஒப்பிட்டார்கள். நடுவயதிலிருந்து, மிகை எடையுள்ளவர்களின் வெண்பொருள் அளவு, தம்மைவிடப் பத்து வயது மூத்த மெலிந்தவர்களின் அளவை ஒத்திருந்தது. அவர்களுடைய அறிவுத் திறனில் அப்போது குறைவு எதுவும் தெரியவில்லை என்பதையும் சேர்த்தே சொன்னேன். அதைக் கேட்டு அவன், "அப்படியானால் என்ன கெடுதல்?" என்றான். ஈரம் உள்ளே புகுந்த கேபிளும் முதல் நாளில் நன்றாகவே பேசும் என்றேன். அதற்காகவே அந்நாளில் கேபிள்களுக்குள் உலர்ந்த காற்றை அழுத்தி நிரப்பி வைப்போம். அழுத்தம் குறைந்தால், தொலைபேசி பழுதாகும் முன்பே எங்கோ துளை விழுந்திருக்கிறது என்று எங்களுக்குத் தெரிந்துவிடும். எல்லைக்கோட்டில் நிற்கும் சர்க்கரை அப்படிப்பட்ட ஓர் எச்சரிக்கைதான். அதைக் கண்டு சிரிப்பவன் நல்ல பொறியாளன் அல்லன்.

அவன் உடனே மாறிவிட்டான் என்று சொல்ல மாட்டேன். ஞாயிறு காலையில் மட்டும் வருகிறான். லோதித் தோட்டத்தில் இருவரும் ஒரு மணி நேரம் நடக்கிறோம். என் நடை அவனுக்கு மெதுவாக இருக்கிறது. சில வேளைகளில் அவன் கேட்ட கேள்விக்கு என் பதில் சற்றுப் பிந்தி வருவதை நானே உணர்கிறேன். சென்ற வாரம், நான் பணியில் சேர்ந்த தொலைபேசி நிலையத்தின் பெயரைக் கேட்டான். நாவில் நின்றது; வரவில்லை. அவன் தன் கைப்பேசியை எடுக்கவில்லை. வேறு பேச்சுக்கும் போகவில்லை. ஒரு மரத்தடியில் நின்றான். நானும் நின்றேன். சிறிது நேரத்தில் பெயர் வந்தது.

தில்லியில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் இப்போது முதியவர்கள் பெருகிவிட்டார்கள். அவர்களைப் பேணும் நடுவயதினரும் அதே வீட்டில் இருக்கிறார்கள். இருவருக்கும் நான் சொல்ல விரும்புவது இரண்டே. நாற்பதுகளில் இருப்பவர்கள் தம் சர்க்கரையையும் அழுத்தத்தையும், வலி வரட்டும் என்று காத்திராமல், இன்றே பார்த்துக்கொள்ள வேண்டும். மடை தூர்ந்த பிறகு ஆற்றில் எவ்வளவு நீர் வந்தும் பயனில்லை. முதியவரிடம் ஒன்றைக் கேட்டவர்கள் பதில் வரும்வரை எழுந்து போகாமல் இருக்க வேண்டும். கடைமடைக்கு நீர் தாமதமாகத்தான் வரும். வராது என்று எண்ணி நாங்கள் ஒருபோதும் வரப்பை விட்டுப் போனதில்லை.